ஆபீசில் பொறுமை, வீட்டில் கத்தல்: எது என் உண்மையான குணம்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் கேட்டிருக்கிறார். வேலையிடத்தில் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்கிறார்கள். வாடிக்கையாளர் எவ்வளவு சத்தம் போட்டாலும் குரலை உயர்த்தாமல் பேசி அனுப்பிவிடுவார். ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்து, தொடக்கநிலை 5 படிக்கும் மகளின் கணக்குத் தாளைப் பார்த்தால் மட்டும் தன்னை மீறிக் கத்திவிடுகிறார். போன வாரம் 64 மதிப்பெண் வாங்கிய தாளை மகள் இரண்டு நாள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அது தெரிந்ததும் இவர் கத்திய கத்தலில் பிள்ளை சாப்பிடாமலே அழுதுகொண்டு தூங்கிவிட்டாள். "இதில் எது என் உண்மையான குணம்? மனப்பான்மையை மாற்றிக்கொள்ள முடியுமா? பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடுமா?" என்று மூன்று கேள்வி.

நான் சிங்கப்பூரில் குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவன். ஏறக்குறைய இதே கேள்வியை அப்பாக்கள், அம்மாக்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் நீங்கள்தான். ஆபீசில் இருப்பவர் முகமூடி, வீட்டில் இருப்பவர்தான் அசல் என்று நினைத்துக்கொண்டு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று கேட்டால் மனம் குற்ற உணர்ச்சியில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் வழி கிடையாது. "நான் எப்போது இப்படி ஆகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்கு, எந்த அறையில், எதைப் பார்த்ததும், வயிற்றில் பசி இருந்ததா, கையில் பை இருந்ததா. இந்தக் கேள்விக்கு உங்களால் பதில் எழுத முடியும். எழுதிய பதிலில் ஏதோ ஒன்றை மாற்றவும் முடியும்.

நேரமும் சூழலும் ஒருவரை எந்த அளவுக்கு மாற்றிவிடும் என்பதற்கு 1973இல் வெளியான ஒரு பழைய ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஒரு சின்ன உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. கிளம்பும்போது சிலரிடம் இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள், சிலரிடம் இப்போது போனால் சரியாக இருக்கும் என்றார்கள், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள் என்றார்கள். போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை தொங்கிப்போய் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தார், அவரும் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர்தான். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். மிகவும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காடுதான். மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது சமாரியன் கதையா வேறு தலைப்பா என்பது சொல்லும்படியான வித்தியாசத்தைக் காட்டவில்லை. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது, தெரியும். ஆனாலும் பிறருக்கு உதவுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் கூட, "தாமதம்" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் கண்ணெதிரே கிடப்பவரைத் தாண்டிப் போகிறார்கள் என்றால், ஏழரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வரும் ஒரு தாயை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அடுத்தவர் ஒரு காரியம் செய்தால் அதற்கு அவருடைய குணம்தான் காரணம் என்று சட்டென முடிவு கட்டி, அவருடைய சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும் பழக்கம் மனிதர்கள் எல்லோருக்கும் உண்டு. அடிப்படையான ஒரு பிழை இது என்று 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் எழுதினார். மின்தூக்கிக் கதவை நம் முகத்துக்கு நேரே மூடியவன் திமிர் பிடித்தவன், நாம் மூடினால் அம்மாவைப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போகும் அவசரம். பொதுவாக நாம் இந்தப் பிழையை அடுத்தவர் மீது செய்வோம். நீங்கள் அதை உங்கள் மீதே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆபீசில் உங்களுக்குப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் நல்ல மனது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உங்களைச் சுற்றி எத்தனை ஏற்பாடுகள் இருக்கின்றன! கோபமாக வருபவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பக்கத்து மேசையில் சக ஊழியர் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார். முடியாவிட்டால் மேலாளரைக் கூப்பிடலாம், ஐந்து நிமிடம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாடிக்கையாளரின் எதிர்காலம் உங்கள் தலையில் இல்லை. வீட்டில் இதில் எதுவுமே கிடையாது. என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவேளை இல்லை, எதிரே நிற்பவள் உங்கள் உயிர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருக்கும். மகளால் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது, புகார் கொடுக்க முடியாது. நம்மைவிடப் பலம் குறைந்தவர்களிடம்தான் நம் கோபம் தடையில்லாமல் வெளியே வரும். இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை.

"பகல் முழுக்கப் பொறுமையாக இருந்து இருந்து, சாயங்காலத்துக்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது" என்று பலர் விளக்கம் சொல்வார்கள். இதற்கு ஒரு பிரபலமான ஆய்வும் இருந்தது. 1998இல் ராய் பாமைஸ்டர் குழுவினர், பிஸ்கட் வாசனைக்கு நடுவில் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள் அதற்குப் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள் என்று காட்டினார்கள். மனக்கட்டுப்பாடு என்பது பெட்ரோல் மாதிரி, செலவழித்தால் தீரும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எல்லா இடத்துக்கும் பரவியது. ஆனால் 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் இந்தக் கருத்தைச் சோதித்தபோது, அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. அதனால் நான் அந்த விளக்கத்தை இப்போது யாருக்கும் சொல்வதில்லை. "தீர்ந்துவிட்டது" என்று நம்பிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகும் என்பதும் ஒரு காரணம்.

இதைவிட உறுதியாக நான் நம்பும் ஒரு ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூக சேவை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட மூன்று ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. நீண்ட நாளாகக் கடனில் இருந்த, வருமானம் குறைந்த 196 பேருக்கு ஓர் அறநிறுவனம் 5,000 வெள்ளி வரை கடனை அடைத்துக் கொடுத்தது. தண்ணீர் மின்சாரக் கட்டண பாக்கி, வீட்டுக் கடன் பாக்கி, தொலைபேசிக் கட்டணம், இந்த மாதிரிக் கடன்கள். அடைப்பதற்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கடன் அடைந்த பிறகு அவர்களிடம் பதற்றம் குறைந்தது, கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளில் தவறு குறைந்தது, "இப்போதே வேண்டும்" என்று அவசரப்படுவதும் குறைந்தது. ஆள் அதே ஆள். குணம் மாறவில்லை, பாரம் மாறியது.

அந்த ஆய்வில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். ஒரே அளவு பணம் அடைக்கப்பட்டவர்களில், எண்ணிக்கையில் அதிகக் கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டவர்களுக்குத்தான் நன்மை அதிகம் தெரிந்தது. அதாவது மனத்தை அழுத்துவது தொகை மட்டும் இல்லை. திறந்து கிடக்கும் கணக்குகளின் எண்ணிக்கையும் அழுத்துகிறது. ஐந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பவர் ஐந்தையும் தலையில் சுமந்துகொண்டு திரிகிறார்.

இது கடனைப் பற்றிய ஆய்வு. இதைத் தாய்மார்களின் மாலை நேரத்துக்கு நீட்டுவது என் சொந்த அனுபவத்தை வைத்துத்தான், ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நிலையத்துக்கு வந்தவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "இப்போது உங்கள் தலைக்குள் முடியாமல் கிடப்பதையெல்லாம் எழுதுங்கள்" என்று சொன்னால் என்ன எழுதுவார்கள் தெரியுமா? மாமியாரின் கண் பரிசோதனைக்குத் தேதி மாற்ற வேண்டும். பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. டியூஷன் பணம் கொடுக்கவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 60 செய்திகள் படிக்காமல் இருக்கின்றன. துணி காயப்போடவில்லை. மேலதிகாரிக்கு ஒரு பதில். தங்கையோடு போன மாதம் நடந்த சின்ன மனக்கசப்பு. எழுதிக்கொண்டே போய்ப் பாதியில் சிலர் அழுதுவிடுவார்கள். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்கும்போது, நான்காக மடித்த ஒரு கணக்குத் தாள் கண்ணில் படுகிறது. வெடிப்பதற்கு அந்தத் தாள் வேண்டியதே இல்லை, வேறு எதுவாக இருந்தாலும் வெடித்திருக்கும்.

சரி, அப்படியென்றால் ஏன் எப்போதும் கணக்குத் தாளில் போய் முட்டுகிறது?

உங்கள் கேள்வியில் நான் இரண்டு முறை படித்த இடம் அந்த 64. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, நாம் எல்லோரும் பிஎஸ்எல்இ என்றே சொல்வது, 2021இலிருந்து அடைவுநிலை முறைக்கு மாறிவிட்டது. அதில் எண் சிறியதாக இருந்தால் நல்லது. 65 முதல் 74 வரை அடைவுநிலை 5, 45 முதல் 64 வரை அடைவுநிலை 6. உங்கள் மகள் ஒரே ஒரு மதிப்பெண்ணில் 6க்குப் போய்விட்டாள். இதே பிள்ளை முன்பு 50 வாங்கியிருந்தால், 64 என்று சொன்னதும் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பீர்கள். 65ஐ மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததால் அதே 64 இழப்பாகத் தெரிந்தது. தாளில் இருந்த எண் ஒன்றுதான், அதை எங்கிருந்து பார்த்தீர்கள் என்பதுதான் உங்கள் வயிற்றைக் கலக்கியது.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் எழுதியது இதைத்தான். மனிதர்கள் ஒரு முடிவை அதன் மொத்த அளவை வைத்து எடைபோடுவதில்லை, மனத்தில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு புள்ளியிலிருந்து ஏறியதா இறங்கியதா என்றே பார்க்கிறார்கள், அதிலும் இறங்கியதன் வலி ஏறியதன் மகிழ்ச்சியைவிடப் பெரிது. பின்னாளில் அவர்கள் போட்ட கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது, ட்வெர்ஸ்கி 1996இலேயே இறந்துவிட்டார். இந்த வலியை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலை 3ஆம் தேதியிலிருந்து பெரிய பேரங்காடிகளில் ஒரு பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டும் என்று வந்ததும், நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறவர்கள்கூட வீட்டிலிருந்து பை மடித்து எடுத்து வர ஆரம்பித்தார்கள். 5 காசில் யாரும் ஏழையாகப் போவதில்லை. இலவசமாகக் கிடைத்தது கையை விட்டுப் போகிறதே என்பதுதான் உறுத்துகிறது.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சொல்லும் இருக்கிறது, கியாசு. ஹொக்கியன் மொழியில் தோற்றுவிடுவோமோ என்ற பயம். 2007இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்ட சொல். நாம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிவிட்டதால் அதற்குள் இருக்கும் பயம் என்ற சொல் காதில் விழுவதே இல்லை. எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. மதிப்பெண் தாளைப் பார்த்துக் கத்தும் பெற்றோரிடம் "என்ன உணர்ந்தீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள், கோபம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டால் வேறு சொற்கள் வரும். என் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்ற பயம். அடுத்த வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். நான் வேலைக்குப் போவதால்தான் இப்படியோ என்ற குற்ற உணர்ச்சி. சில நேரம் வெறும் களைப்பு, பசி.

தமிழில் இதற்கெல்லாம் எவ்வளவு நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன, யோசித்துப் பாருங்கள். எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு. சலிப்பு வேறு, கடுப்பு வேறு. ஆதங்கம் என்று ஒன்று இருக்கிறது, அது கிட்டத்தட்ட அன்பிலிருந்து வருவது. ஏமாற்றம், பதற்றம், மனத்தாங்கல், வருத்தம். எல்லாவற்றையும் கோபம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் அதற்கு ஒரே மருந்துதான் தெரியும், கத்துவது. சரியான சொல்லைக் கண்டுபிடிப்பது வெறும் மொழிப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு, மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டியது. அந்த உணர்ச்சிக்குரிய சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து என்று மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைந்தது. பெயர் வைத்தாலே சூடு கொஞ்சம் தணிகிறது. "எனக்கு இப்போது பயமாக இருக்கிறது" என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பயந்தவர் செய்யும் காரியமும் கோபக்காரர் செய்யும் காரியமும் ஒன்றாக இருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், மனப்பான்மையை மாற்றிக்கொள்ள முடியுமா. முடியும், ஆனால் எல்லோரும் சொல்லும் அளவுக்கு இல்லை. எங்கே முடியும் என்பதற்கு என் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஈசூனில் இருக்கிறேன். மேல் வீட்டில் தினமும் இரவு பத்தரை மணிக்குத் தரையில் ஏதோ இரும்பை இழுக்கும் சத்தம். தர்ர்ர் என்று ஒரு இழுப்பு, ஒரு நிமிடம் கழித்து டங்கென்று ஒரு தட்டு. இரண்டு வாரத்தில் பத்து மணி ஆனாலே எனக்குத் தாடை இறுகிவிடும், சத்தம் வருவதற்கு முன்பே. வேண்டுமென்றே செய்கிறார்கள், கீழே ஆள் இருக்கிறது என்ற எண்ணமே இல்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேலே போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் அந்த வீட்டுக்காரர் மடக்குக் கட்டில் ஒன்றைச் சுவர் ஓரத்திலிருந்து இழுத்து விரித்துக்கொண்டிருந்தார், பக்கத்து நாற்காலியில் அவருடைய வயதான அம்மா போர்வையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்ற அறைகளில் பிள்ளைகள். அவர் மன்னிப்புக் கேட்டார், நானும் ஏதோ சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். மறுநாளும் அதே பத்தரைக்கு அதே தர்ர்ர், அதே டங். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எனக்குத் தாடை இறுகவில்லை, பாட்டி படுக்கப் போகிறார் என்று மட்டும் தோன்றியது.

ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் 1960களில் செய்து பார்த்ததும் இதுதான். பார்ப்பவரைப் பதற வைக்கும் ஒரே படத்தைப் பல குழுக்களுக்குக் காட்டி, பின்னணியில் வரும் விளக்கத்தை மட்டும் மாற்றினார். விளக்கம் மாறியபோது பார்த்தவர்களின் உடல் பதற்றமும் மாறியது. நடப்பதற்கும் நாம் பதில் செய்வதற்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கம் ஓடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் அந்த விளக்கத்தைப் பற்றித்தான். "மகள் தாளை ஒளித்துவிட்டாள், என்னை ஏமாற்றுகிறாள்" என்பது ஒரு விளக்கம். "என்னிடம் காட்டப் பயந்து இரண்டு நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள்" என்பது இன்னொரு விளக்கம். பையும் தாளும் மாறவில்லை.

ஆனால் மேல் வீட்டுக் கதையிலிருந்து "எல்லாம் நம் பார்வையில்தான் இருக்கிறது" என்று யாராவது முடிவுக்கு வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 196 பேருக்கு "நேர்மறையாக யோசியுங்கள்" என்று ஒருவர் வகுப்பு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களுக்கு உதவியது கடன் அடைந்ததுதான். மனப்பான்மையை மாற்று, வாழ்க்கை மாறும் என்று மேடையில் பேசுகிறவர்கள் கஷ்டத்தில் இருப்பவர் மீது இன்னொரு பழியைச் சுமத்துகிறார்கள். முடியாமல் போனால் அதுவும் அவர் மனத்தின் குற்றம் ஆகிவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

தாளை ஒளித்ததைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1998இல் கிளாடியா மியூலர், கேரல் ட்வெக் இருவரும் கிட்டத்தட்ட உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இது. முதலில் எளிதான புதிர்களைக் கொடுத்து, சிலரை "நீ கெட்டிக்காரி" என்று பாராட்டினார்கள், சிலரை "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள், எல்லோரும் சறுக்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனை சரியாகச் செய்தாய் என்று வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய்யாக எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஒருவர் சொச்சம்தான். கெட்டிக்காரி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் குறைந்த மதிப்பெண் அவமானம், அவமானத்தை யாரும் மறைக்கத்தான் பார்ப்பார்கள். அதற்காக, திறமை முயற்சியால் வளரும் என்று நம்பும் "வளரும் மனப்பான்மை" பற்றிப் பள்ளிச் சுவரில் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 மாணவர்களிடம் இதைச் சோதித்தபோது பலன் இருந்தது, ஆனால் சிறியது, அதுவும் மதிப்பெண் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர்களிடம். சிறிய பலன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன், இதில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசில் உங்களைக் காப்பாற்றும் ஏற்பாடுகளை வீட்டுக்கும் கொஞ்சம் கடன் வாங்குங்கள். கோபம் வந்த பிறகு கட்டுப்படுத்துவது கஷ்டம், வருவதற்கு முன்னால் பாதையை மாற்றிவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து சொல்லி வரும் முறை ஒன்று இருக்கிறது. "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானம் எடுக்காமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று குறிப்பாக முடிவு செய்துவைப்பது. 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு அலசலில் இது நன்றாகவே வேலை செய்தது. உங்களுக்கு நான் எழுதித் தருவதென்றால் இப்படி இருக்கும்: பள்ளித் தாள் எதுவாக இருந்தாலும் சாப்பிட்ட பிறகுதான் திறப்பேன். திறக்கும்போது உட்கார்ந்திருப்பேன். முதலில் சரியாகச் செய்த கணக்கு ஒன்றை அவளிடம் காட்டி, இதை எப்படிச் செய்தாய் என்று கேட்பேன். இதைக் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள், மகளுக்கும் தெரியட்டும்.

அப்புறம் தலைக்குள் திறந்து கிடக்கும் கணக்குகளில் சின்னதாக இரண்டை இந்த வாரமே மூடுங்கள். மாதாமாதம் நினைவு வைத்துக் கட்டும் கட்டணம் ஏதாவது இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டிவிடும் ஜைரோவில் போட்டுவிடுங்கள். ஒருமுறை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு மனம் அதை நினைக்கவே வேண்டாம், அதுதான் முன்கூட்டிய ஏற்பாட்டின் பலம். நம் நாட்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இலிருந்து அப்படித்தான் இயங்குகிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் சம்மதித்தவர்களாகவே கணக்கில் வருவார்கள். எது தானாக நடக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே பெரும்பாலும் நடக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவைக் கணவர் பார்க்கட்டும், அவருக்கும் அந்தப் பிள்ளையின் வகுப்பு எது என்று தெரியும். ரயிலை விட்டு இறங்கி நேரே மேலே போகாமல், புளோக்குக்குக் கீழே பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் வீட்டுக்கு நஷ்டமில்லை.

கத்துவது அடிப்பதாக மாறுகிறது என்றாலோ, தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போகிறது என்றாலோ இந்தப் பதில் போதாது. உங்கள் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி எண்ணான 1771க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசிக் கேள்வி, மன்னிப்பு. கேளுங்கள். மரியாதை குறையாது. தப்புச் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளை வேறு எங்கே போய்ப் படிக்கும்? ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "கத்தினது தப்புதான், ஆனா நீயும் ஒளிச்சு வெச்சது..." என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு இல்லை, இன்னொரு விசாரணை. தாளைப் பற்றிய பேச்சை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவள் படுக்கப் போகும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. உன்மேல கோபம்னு நினைச்சேன், நிஜத்துல அம்மா பயந்துட்டேன். நீ பயந்துபோய் ரெண்டு நாள் தனியா இருந்திருக்க, அது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்ற அளவுக்குச் சொல்லுங்கள், உங்கள் வார்த்தையில். பதிலுக்கு அவள் கட்டிப் பிடிப்பாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். பரவாயில்லை, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள்.